ஒன்றேகால் காசு

ஜூன் 3, திங்கள்

சாரல் பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து மூன்று புருவம், ஒரு ஃபேஷியல், அவ்வளவுதான். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் தென்காசிப் பெண்களுக்குப் பார்லர் ஞாபகமே வராது. வராவிட்டால் போகட்டும், கரண்ட் பில்லாவது மிச்சம்.

சும்மா இருந்த நேரத்தில் பில் போடும் கம்ப்யூட்டரைத் துடைத்தேன். அதன் பிரவுசரில் மேல் மூலையில் ஒரு குட்டிப் பணப்பைப் படம் இருக்கிறது. தளவாய் போவதற்கு முந்தின வாரம் போட்டுக்கொடுத்தது. தளவாய் என் தம்பி. அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்தவன், நான் கல்யாணம் பண்ணிவைத்தவன், நான் சொன்ன பேச்சை ஒருநாளும் கேட்காதவன். ஜனவரியில் ஒரு ஏஜெண்ட் பேச்சை நம்பி, தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கிளம்பினான். சம்பளம் கிரிப்டோவில்தான் தருவார்களாம், அதற்கு இந்த வாலெட் வேண்டுமாம். பாஸ்வேர்டு போட்டால் பை திறக்கும். உள்ளே இரண்டு விதக் காசு. ஒன்று டாலர் காசு, சம்பளம் அதில் வரும். இன்னொன்று வழிச்செலவுக் காசு. யாருக்கு எதை அனுப்பினாலும் இதிலிருந்து துளி கழியும், இது இல்லையென்றால் ஒன்றும் நகராது. அதிலும் மூணு நாலு காசு போட்டுவைத்துவிட்டுப் போனான். அவன் முகவரியை 'தம்பி' என்று சேமித்தும் வைத்தான்.

பிப்ரவரியில் ஒரு சம்பளம் வந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன், டீ ஆறுவதற்குள் விழுந்துவிட்டது. பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது, மதியச் சாப்பாட்டு நேரம் கிடையாது. எனக்கு அன்றைக்கு மயிர்க்கூச்செறிந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச்சில் அவன் போன் நின்றது. அதே ஏஜெண்டிடம் ஏமாந்து, எப்படியோ தப்பி வந்த அம்பாசமுத்திரத்துக்காரன் ஒருவன் விஷயத்தைச் சொன்னான். அது தாய்லாந்தே இல்லையாம், எல்லைக்கு அந்தப் பக்கமாம். ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைத் தாண்டிக் கூட்டிப்போய், மதில் போட்ட கட்டடத்துக்குள் அடைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஊர் உலகத்தை ஏமாற்றச் சொல்கிறார்களாம். மாட்டேன் என்றால் அடி.

அவன் பெண்டாட்டி குழல்வாய்மொழி என்னோடுதான் இருக்கிறாள். தாய் இல்லாத பெண், பிரசவத்துக்கு வேறு எங்கே போவாள்? மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் அம்மா பேரையே வைத்தோம், பேச்சி. அப்பனுக்குப் பிள்ளை பிறந்த சேதியே தெரியாது.

கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் கவலைப்படுவதில்லை. கம்ப்யூட்டரை மட்டும் அணைப்பதில்லை.

ஜூன் 7, வெள்ளி

கடையநல்லூரிலிருந்து நஸ்ரின் வந்தாள். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற பெண். செப்டம்பரில் நிக்காஹ், அதற்கு இப்போதிருந்தே முகத்தைத் தேய்க்க வேண்டுமாம். முகத்தில் பூசிய பேக் காய்கிற நேரத்தில் சும்மா இருக்க மாட்டாமல் என் கம்ப்யூட்டரைப் பார்த்தவள், அக்கா நீங்க வாலெட் வச்சிருக்கீங்களா என்று வாயைத் திறந்தாள். முகத்தில் பேக் வெடித்துவிட்டது. மறுபடி பூச வேண்டியதாயிற்று.

அவளிடம் கதையைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாடிக்கைக்காரர்களிடம் வீட்டு விஷயம் பேசுகிற வழக்கம் எனக்கில்லை. கேட்டுவிட்டு அவள் ஒரு பக்கத்தைத் திறந்து, தம்பியின் முகவரியை அதில் ஒட்டினாள். அவன் கணக்கு முழுவதும் என் கண் முன்னால் வந்து விழுந்தது. வந்தது, போனது, நாள், நிமிஷம், எல்லாம். இது எப்படி உனக்குத் தெரியும், நீ போலீஸா என்றேன். எனக்கு மட்டும் இல்லைக்கா, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பேர்தான் இருக்காது என்றாள்.

எனக்கு அது தாங்கவே இல்லை. உலகத்துக் காசெல்லாம் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி பட்டப்பகலில் தொங்குகிறது. எவனும் ஒளித்துவைக்க முடியாது, எவனும் அழிக்க முடியாது. எவ்வளவு பெரிய காரியம் இது! நான் இத்தனை மாதமாக அதன் மேல் எண்ணெய்க் கையை வைத்து பில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் கடைசி வரியைக் காட்டினாள். மார்ச் பதினான்காம் தேதி, அவன் பையில் இருந்த டாலர் காசு, வழிச்செலவுக் காசு இரண்டும் ஒட்டத் துடைத்து வேறு எங்கோ போயிருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. போனைப் பிடுங்கிய கையை நான் அந்த வரியில் பார்த்தேன்.

குழலியிடம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி.

ஜூன் 12, புதன்

கழுத்துச் செயின் வேர்க்குரு உண்டாக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டேன். குழலி வெளியே தூறுகிற சாரலைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி பாக்கி முடிந்தது. பேச்சிக்குத் தடுப்பூசியும் போட்டாயிற்று.

இந்தப் பெண்ணை எனக்கு முதலில் பிடிக்காது. வாயைத் திறந்து பேசவே மாட்டாள். பேசாதவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?

ஜூன் 16, ஞாயிறு

குழலி இரண்டு நாளாகச் சாஸ்தாவுக்குக் காசு முடிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் யாருக்காவது ஆபத்து என்றால் ஒன்றேகால் ரூபாயை அவர்கள் தலையை மூன்று தரம் சுற்றி, மஞ்சள் துணியில் முடிந்து குலதெய்வத்துக்கு வைப்போம். ஆள் நல்லபடியாக வந்ததும் கோயிலில் சேர்ப்போம். சரி என்று துணியை மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டேன். ஒரு ரூபாய் இருந்தது. கால் ரூபாய்க்கு எங்கே போவது? இருபத்தைந்து பைசாவை அரசாங்கம் ஒழித்து எவ்வளவோ காலமாயிற்று. பதினொரு ரூபாயாக வைத்துவிடலாம் என்றேன். குழலி வேறொரு கேள்வி கேட்டாள்.

"தலையச் சுத்தணும்லா மைனி. தலை இங்கன இல்லையே."

அந்தக் கேள்வி என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, வீட்டு முன்னறையில் இருக்கும் பார்லரைத் திறந்து பிரவுசரில் பையைத் திறந்தேன். டாலர் காசு ஒன்றும் இல்லை, வழிச்செலவுக் காசுதான் மூன்று சொச்சம் கிடந்தது. தலை எங்கே இருக்கிறதோ தெரியாது, ஆனால் அவன் முகவரி இங்கே இருக்கிறது. எந்த ஊர் மதிலுக்குள் இருந்தாலும் இந்தக் காசு அந்தப் பெயரைத் தேடிப்போய் விழும். கால் போடலாமா என்று பார்த்தேன். காலென்ன, அரைக்கால், மாகாணி, அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். அரசாங்கம் ஒழித்த கால் ரூபாய் இங்கே உயிரோடு இருக்கிறது.

1.25 என்று அடித்தேன். வலது கையால் கம்ப்யூட்டரை மூன்று தரம் சுற்றினேன். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சாஸ்தா, இது உனக்கு வைத்த காசு, அவன் தலையில் கொண்டுபோய்ச் சுற்று என்று சொல்லி அழுத்தினேன். கையை எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் சேர்க்கவே நமக்கு அரைநாள் ஆகிறது.

ஜூன் 20, வியாழன்

நஸ்ரினிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள். டாலர் காசு அனுப்பியிருந்தாலாவது அர்த்தம் உண்டு, இது வெறும் வழிச்செலவுக் காசு, அறுபது எழுபது ரூபாய்கூடப் பெறாது, இதை யாராவது காணிக்கையாக அனுப்புவார்களா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உன் கம்பெனிக்குத் தெரியாததெல்லாம் எங்கள் சாஸ்தாவுக்குத் தெரியும் என்று சொல்லி மூக்குப் பக்கம் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.

போகும்போது ஒரு புத்தியும் சொன்னாள். பையில் தெரியாத காசு, சின்னச் சின்னக் காசு, ஏன் பூஜ்யமே வந்தால்கூடத் தொடக்கூடாதாம். ஏமாற்றுக்காரர்கள் அப்படித்தான் தூண்டில் போடுவார்களாம்.

ஜூன் 24, திங்கள்

பையில் ஒரு வரவு. 'தம்பி' என்று பெயர் போட்டிருந்தது. தொகையைப் பார்த்தால் பூஜ்யம். பூஜ்யத்தை எவனாவது அனுப்புவானா? அவன் போனைப் பிடுங்கிய பாவிகள்தான் என்னையும் இழுக்கப் பார்க்கிறார்கள். தொடவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

இன்னொரு பூஜ்யம். பேச்சிக்கு வயிற்று வலி, ஓமத்தண்ணீர் கொடுத்தோம்.

ஜூன் 27, வியாழன்

மூன்றாவது பூஜ்யம். எனக்கு வயிறு எரிகிறது. பூஜ்யம் அனுப்பினாலும் வழிச்செலவு உண்டு, அது நான் முடிந்துவைத்த ஒன்றேகாலிலிருந்துதான் கழிகிறது. சாமி காசை எடுத்து எவனோ வெறும் கையை வீசிக்கொண்டிருக்கிறான். நஸ்ரின் சனிக்கிழமை வருவாள். அவளை விட்டு இந்தப் பையையே மூடிவிடச் சொல்ல வேண்டும்.

ஜூன் 29, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நஸ்ரின் வந்தாள். பையை மூடு என்றேன். அவள் மூடுவதற்கு முன்னால் அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துவிடலாம் என்று உலகத்துக்கே தெரிகிற அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முதல் பூஜ்யத்துக்குக் கீழே எண்ணும் எழுத்துமாக நீளத்துக்கு ஒரு குப்பை கிடந்தது. அதைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காசோடு ஒரு சேதியும் அனுப்ப வழி இருக்கிறதாம், பெரும்பாலும் யாரும் செய்ய மாட்டார்களாம். பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினாள். குப்பை அப்படியே தமிழாக மாறியது.

"அக்கா நான் தளவாய். உயிரோட இருக்கேன். போனப் புடுங்கிட்டானுவ."

இரண்டாவது பூஜ்யம். "காசு பாத்தேன். ஒன்னேகால்னு பாத்ததும் நீதான்னு தெரிஞ்சு போச்சு. வேற எவன் ஒன்னேகால் அனுப்புவான்."

மூன்றாவது. "குழலிக்கு என்னாச்சு. எழுதுக்கா. இங்கன காவலுக்கு நிக்கவன் எவனுக்கும் தமிழ் தெரியாது."

வீட்டுக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த குழலியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேனா கத்தினேனா தெரியாது. அவள் பிள்ளையோடு வந்து நின்று, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மூன்றாவதைப் படித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பிள்ளையின் உள்ளங்காலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நஸ்ரின்தான் விவரம் சொன்னாள். அங்கே அவர்கள் செய்யும் திருட்டு வேலையே இந்த மாதிரிப் பைகளை வைத்துத்தானாம், எல்லார் திரையிலும் நாள் முழுக்கத் திறந்தே இருக்குமாம். பை போடும்போது கொடுக்கிற பன்னிரண்டு ரகசிய வார்த்தை மனப்பாடமாக இருந்தால் எந்த ஊர் கம்ப்யூட்டரிலும் தன் பையைத் திறந்துவிடலாம். தளவாய்க்கு எப்போதும் அபார ஞாபகசக்தி, படிப்பில் மட்டும்தான் அது வராது. ஆக அவன் பை அவன் கையிலேயே இருந்திருக்கிறது. ஆனால் அதில் வழிச்செலவுக்கு ஒரு துளி இல்லை. வாய் இருந்தும் பேச முடியாமல் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறான். நான் டாலர் காசு அனுப்பியிருந்தால் அது அப்படியே கிடந்திருக்கும், அவனால் ஒரு எழுத்து அனுப்பியிருக்க முடியாது. வழிச்செலவுக் காசு போனதால் வாய் திறந்தது.

சொல்லிவிட்டு நஸ்ரின் என்னைப் பார்த்து, "அக்கா, அன்னைக்குச் சிரிச்சேன்லா, மன்னிச்சுக்கிடுங்க," என்றாள்.

மலைத்துப்போய் நிற்கிறேன். நான் செய்தது புத்திசாலித்தனம் இல்லை, கையில் இருந்ததை அனுப்பினேன். இதைச் செய்தது சாஸ்தாவா, அந்த இயந்திரமா, இரண்டும் சேர்ந்தா? யாராக இருந்தாலும் விழுந்து கும்பிடத் தயார்.

ஜூன் 30, ஞாயிறு

பதில் அனுப்பினோம். நஸ்ரின் ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் வந்து, தமிழைக் குப்பையாக மாற்றி பூஜ்யத்தோடு ஒட்டி அனுப்பக் கற்றுக்கொடுத்தாள். ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள். இங்கே எழுதுவதை யாராலும் அழிக்க முடியாது. நாம் செத்த பிறகும் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே பார்த்து எழுதுங்கள்.

நான் பயந்துபோய் ஒரே ஒரு வரி போதும் என்றேன். பேசாத பெண் குழலி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அழியாதுன்னா நல்லா நெறைய எழுதுங்க மைனி."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். பொம்பளப் பிள்ளை. சுகப்பிரசவம். ரெண்டே முக்கால் கிலோ. அத்தை பேச்சி பேர வச்சிருக்கு. உங்க மூக்கு. நீங்க சாப்பிடுதியளா. அனுப்பிவிட்டு மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கத்தில் எங்கள் பேச்சி பிறந்த சேதி உலகத்துக் கோடீஸ்வரர்களின் கணக்குக்கு நடுவே ஒரு வரியாக ஏறி உட்கார்ந்தது.

ஜூலை 2, செவ்வாய்

"என் மூக்கா. பாவம் புள்ள."

இதைப் படித்துவிட்டு குழலி சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

ஜூலை 5, வெள்ளி

காலையிலிருந்து பூஜ்யங்களாக வந்து விழுகின்றன. முதலில் இடம். தாய்லாந்துக்கு எதிர்க்கரையில், நீலக் கூரை போட்ட நான்கு மாடி, வாசலில் சூதாட்ட விடுதியின் பெயர்ப்பலகை, பின்னால் மரக்கட்டை அறுக்கும் ஆலை. அப்புறம் பெயர்கள். ஒரு பூஜ்யத்துக்கு ஒரு ஆள், அப்பா பெயர், ஊர். பண்ருட்டிக்காரன் ஒருவன், ராஜபாளையம், திருவாரூர், சித்தூர், இப்படிப் பதினான்கு பேர். என்னோட இருக்கவங்க, வீட்ல சொல்லிருங்க என்று கடைசியில் எழுதியிருந்தான்.

ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம் கோபம் கோபமாக வந்தது. இருக்கிற வழிச்செலவை முழுக்க ஊரார் பிள்ளைகளுக்குச் செலவு செய்கிறான். நஸ்ரினிடம் காசு கொடுத்து இன்னும் பத்து வழிச்செலவுக் காசு வாங்கி அவனுக்கு அனுப்பினேன். அதிலும் கால் சேர்த்துத்தான் அனுப்பினேன்.

ஜூலை 9, செவ்வாய்

சென்னை. வெளியூரில் இருக்கிற தமிழர்களுக்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது, அங்கே போய் நின்றேன். மூன்று மேஜை மாற்றி ஒரு அதிகாரியிடம் விட்டார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் இதற்கு ஆதாரம் என்ன, இதை நீங்களே அடித்திருக்கலாமே என்று கேட்டார். ரயிலில் சரியாகத் தூங்காத கோபம் எனக்கு. என்னை நம்ப வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டரைத் திறங்கள் என்றேன்.

அவர் கம்ப்யூட்டரில், அவர் கையாலேயே, என் தம்பியின் முகவரியை ஒட்டச் சொன்னேன். நஸ்ரின் காட்டிய பொத்தானைக் காட்டினேன். தென்காசியில் என் பார்லரில் வந்த அதே எழுத்துகள் அவர் மேஜையிலும் வந்தன, நாளும் நிமிஷமும் சேர்த்து. ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டே போனவர், திருவாரூர்ப் பையன் பெயர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவன் அம்மா இரண்டு மாதமாக வாராவாரம் இந்த அலுவலகத்துக்கு வருகிறாளாம். பக்கத்து அறையிலிருந்து எல்லோரும் வந்து பார்த்தார்கள். டெல்லிக்கும் தூதரகத்துக்கும் இன்றைக்கே போகும் என்று சொல்லி, எனக்கு உட்கார நாற்காலி போட்டார்.

ஜூலை 17, புதன்

"வேலை வாங்குத மேஸ்திரி பின்னாடியே நிக்கான். கொஞ்ச நாள் எழுத மாட்டேன். பயப்படாதீய."

நான் எதற்குப் பயப்படப் போகிறேன். ஆடி பிறந்துவிட்டது, கல்யாணமும் இல்லை, வாடிக்கையும் இல்லை. பார்லரை மட்டும் காலையிலேயே திறந்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. சித்ரான்னம் செய்தோம். டிவியில் அந்த ஆற்றங்கரைக் கட்டடங்களுக்குள் ராணுவம் புகுந்ததாகச் சொன்னார்கள். நீலக் கூரையைக் காட்டினார்கள். அதற்கு மேல் புகை. நான் டிவியை அணைத்தேன், குழலி மறுபடி போட்டாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

சென்னை அதிகாரி போன் செய்தார். மீட்டவர்களின் பெயர்கள் வந்துவிட்டனவாம். ஒவ்வொன்றாக வாசித்தார். பண்ருட்டி இருந்தான், ராஜபாளையம் இருந்தான், திருவாரூர் இருந்தான். தளவாய் எழுதிய பதினான்கு பேரும் இருந்தார்கள். தளவாய் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

திருவாரூர்ப் பையன் ஊர் வந்து சேர்ந்து போன் பண்ணினான். பேசுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. ராணுவம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் தளவாய் அண்ணன் திரையில் எழுதிக்கொண்டிருந்ததை மேஸ்திரி பார்த்துவிட்டானாம். என்ன எழுதினாய் என்று அடித்தார்களாம். அண்ணன் வாயைத் திறக்கவில்லையாம். அப்புறம் வேறு கட்டடத்துக்கு இழுத்துப் போனார்கள், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றான். அவனுடைய அம்மா போனை வாங்கி என்னிடம் ஏதோ சொன்னாள். என் காதில் விழவில்லை. சரிம்மா, சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

குழலியிடம் நான் எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

இப்போதெல்லாம் பையை நான் திறப்பதில்லை, குழலிதான் திறக்கிறாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தானே அடித்து, தானே மாற்றி, தம்பிக்குப் பூஜ்யம் அனுப்புகிறாள். நான் பின்னால் நின்று படித்தேன். பேச்சி கவுந்து படுத்தா. பேச்சிக்கு சளி பிடிச்சு சரியாச்சு. மைனி செயின அடகு வச்சுருக்காவ, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காவ, வந்ததும் மொதல்ல மீட்டுக் குடுங்க.

அடுப்பில் பால் பொங்கிற்று, அணைக்கப் போய்விட்டேன்.

ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் போய் அந்த உலகத்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது. படிக்க வேண்டியவன் படிக்காவிட்டாலும் அது அங்கே இருக்கும். முன்பு இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி பிறந்ததும் கூட்டம். மணப்பெண் ஒன்று, பெண் பார்க்க வருகிற வீடு இரண்டு. மருதாணி தீர்ந்துவிட்டது. நஸ்ரின் வந்தாள், வந்ததும் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மத்தியானம் மேலகரத்து டீச்சர் ஒருத்திக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கத்துக்கு நூலைப் பல்லில் கடித்து இழுத்தபோது போன் அடித்தது. நீளமான நம்பர். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற கூட்டம் என்று நினைத்து, நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றே எடுத்தேன்.

"அக்கா."

வாயில் நூல் இருந்ததால் என்னால் பேச முடியவில்லை.

"அக்கா, நாந்தான். ஆஸ்பத்திரியில இருக்கேன். ஆத்துக்கு அந்தப் பக்கம், தாய்லாந்துல. கால்ல கட்டு போட்டுருக்கு. தூதரகத்து ஆளு போன் குடுத்தாவ. கேக்குதா?"

நூலைத் துப்பினேன். குழலி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்து ஓடி வந்தாள், போனைப் பிடுங்கினாள். அவள் பேசுவாள் என்று நினைத்தேன். போனை அப்படியே கொண்டுபோய்ப் பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். புது சாமான் கிடைத்த சந்தோஷத்தில் பேச்சி ஊ என்றும் ஆ என்றும் பெருங்குரலில் கத்தினாள், எச்சில் ஊற்றினாள், நிறுத்தவே இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம் பார்லர் முழுக்கக் கேட்டது. குழலி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம்தான் போனைத் தன் காதுக்குக் கொண்டுபோய், "மூக்கு தெரியுதா?" என்றாள்.

நான் துண்டுகளை மடித்தேன். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தேன்.

டீச்சர் ஒற்றைப் புருவத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. நான் இப்படியே வீட்டுக்குப் போய்க்கிடுதேன், நீங்க பேசுங்க என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கும் என்று சொல்லி அவளை உட்காரவைத்து, இடது பக்கத்தையும் எடுத்துவிட்டேன். காது போன் பக்கமே இருந்ததில் கொஞ்சம் மெலிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றாள்.